எச்சரிக்கை எங்கே தாமதமாகிறது?

அமெரிக்காவில் ஒரு டொர்னாடோ ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மறுநாள், தொலைக்காட்சி மைக்குகளுக்கு முன்னால் இரண்டு விதமான புகார்கள் எழும். எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை என்பது ஒன்று. எப்போது பார்த்தாலும் சைரன் ஊதுகிறார்கள், ஒன்றும் வருவதில்லை, அதனால் இந்தத் தடவையும் கண்டுகொள்ளவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே தெருவிலிருந்து வரும். சில சமயம் ஒரே வீட்டிலிருந்தும் வரும். இரண்டுமே நியாயமானவைதான். சிக்கல் என்னவென்றால், முதல் புகாரைத் தீர்க்கப் போனால் இரண்டாவது பெரிதாகும். இரண்டாவதைத் தீர்க்கப் போனால் முதலாவது.

கோபம் பெரும்பாலும் வானிலை அலுவலகத்தின் மேல்தான் பாயும். அதில் தப்பில்லை, எச்சரிக்கை அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் ரேடார் திரையைப் பார்த்து ஒருவர் முடிவெடுப்பதற்கும், மூன்று தெரு தள்ளி ஒரு குடும்பம் மாடிப்படிக்கு அடியில் போய் உட்காருவதற்கும் நடுவே பல கைகள் இருக்கின்றன. நேரம் எந்தக் கையில் வீணானது என்று பிரித்துப் பார்க்காமல் 'எச்சரிக்கை தாமதம்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால், யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் இந்தக் காற்றின் கணக்கு. வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை மண்டலமாகி, புயலாகி, பெயர் சூட்டப்பட்டு, கரையைக் கடக்கும் வரை நமக்குப் பல நாட்கள் கிடைக்கும். டொர்னாடோ அந்த வகையறா இல்லை. இடிமேகம் ஒன்றின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல் அது. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான், சில நிமிட ஆயுள்தான். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மரக்கிளையை முறித்து, கொட்டகைக் கூரையைப் பிய்த்துவிட்டு அடங்கிவிடும். மிகச் சிலதான் உயிரை வாங்கும். ஆனால் அந்தச் சில, ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருக்கின்றன.

அங்கே அறிவிப்பு இரண்டு படிகளில் வருகிறது. ஒக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம், பல மாவட்டங்களைச் சேர்த்து 'வாட்ச்' விடும். அடுத்த சில மணி நேரத்துக்கு வானம் ஆபத்தாக இருக்கிறது, காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள் என்று அதற்குப் பொருள். அடுத்த படி 'வார்னிங்'. அதைத் தேசிய வானிலைச் சேவையின் 122 வட்டார அலுவலகங்களில் அந்தப் பகுதிக்குரியது விடும். வார்னிங் வந்தால் இப்போதே ஒளிந்துகொள்ள வேண்டும். 2007 அக்டோபர் வரை அது முழு மாவட்டத்துக்கும் சேர்த்துப் போகும். அதன் பிறகு புயலின் பாதையை மட்டும் திரையில் பலகோணமாக வரைந்து, அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விடுகிறார்கள். மக்களின் கோபமெல்லாம் இந்த இரண்டாவது படியைப் பற்றித்தான். வாட்ச் வந்ததா இல்லையா என்று பலர் கவனிப்பதே இல்லை.

இந்த அளவுக்கு வந்ததே பெரிய கதை. 1880களின் பிற்பகுதி தொடங்கிப் பல பத்தாண்டுகள், அமெரிக்க வானிலை முன்னறிவிப்பில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று தடை இருந்தது. மக்கள் பீதியடைவார்கள், பீதியே காற்றைவிட அதிகம் கொல்லும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இந்தியானா என மூன்று மாநிலங்களை ஒரு டொர்னாடோ உழுதுகொண்டு போனது. சுமார் 350 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், 695 சாவு. மூன்றரை மணி நேரம் என்றால், முதல் ஊர் அழிந்த செய்தி தந்தியில் போய்க் கடைசி ஊரைக் காப்பாற்றியிருக்கலாம். அப்படி ஒரு ஏற்பாடே இல்லை.

தடை உடைந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். 1948 மார்ச் 20 இரவு, ஒக்லஹோமா நகரத்தை ஒட்டிய டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கி, வரிசையாக நின்ற விமானங்களை நொறுக்கியது. பணியில் இருந்த வானிலை அதிகாரி ராபர்ட் மில்லர், பலத்த காற்று வீசும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். தளபதி கடுப்பாகி, இதை முன்கூட்டியே சொல்ல முடியுமா முடியாதா என்று பாருங்கள் என உத்தரவிட்டார். மில்லரும் அவருடைய மேலதிகாரி ஏர்னெஸ்ட் ஃபாபுஷும் பழைய வரைபடங்களைப் புரட்டினார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, வரைபடம் கிட்டத்தட்ட அதே மாதிரி வந்து நின்றது. தயங்கித் தயங்கி டொர்னாடோ வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தின் மேல் இன்னொரு டொர்னாடோ வந்தது. அந்த அதிர்ஷ்டத்தில் எவ்வளவு அறிவியல் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் 1950இல் அரசின் வானிலைத் துறை தன் தயக்கத்தைக் கைவிட்டது. 1952 முதல் பொதுமக்களுக்கும் முன்னறிவிப்பு வரத் தொடங்கியது.

இப்போது ரேடாருக்கு வருவோம். 1990களில் நாடு முழுக்க டாப்ளர் ரேடார்கள் நிறுவப்பட்டன. இன்று சுமார் 160 இருக்கின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது டொர்னாடோவை அல்ல. மேகத்துக்குள் மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வந்தால் பச்சை, விலகிப் போனால் சிவப்பு. பச்சையும் சிவப்பும் ஒட்டி ஒட்டி நின்றால் அங்கே சுழற்சி இருக்கிறது என்று பொருள். அந்தச் சுழற்சி தரை வரை இறங்குமா என்பதைத் திரை சொல்லாது. சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோ போடாமலே கலைந்துவிடும். வார்னிங் விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் இந்தக் கட்டத்தில்தான் மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்கேனுக்காகக் காத்திருக்கிறார்.

அடுத்த ஸ்கேன் உடனே வந்துவிடாது. மேகத்தை அடி முதல் முடி வரை அலசி முடிக்க நாலரை முதல் ஆறு நிமிடம் ஆகும். 2014 வாக்கில் தரையை ஒட்டிய கோணத்தை மட்டும் இடையிடையே மறுபடி பார்க்கும் வசதி சேர்த்தார்கள். அதனால் இரண்டு நிமிடத்துக்குள் புதிய படம் கிடைக்கிறது. சரி, ஆனால் நீண்ட வரிசையாக நகரும் இடிமேகக் கூட்டத்தின் விளிம்பில் முளைக்கும் டொர்னாடோ, இரண்டு ஸ்கேனுக்கு நடுவே பிறந்து செத்தும் போகும். 'எச்சரிக்கையே வரவில்லை' என்று பதிவாகும் டொர்னாடோக்களில் பல இந்த ரகம். பலவீனமானவை, ஆனால் ஒரு மரத்தை ஒரு காரின் மேல் சாய்க்க அந்தப் பலவீனமே போதும்.

தூரமும் ஒரு காரணம். ரேடார் கதிர் அரை டிகிரி மேல் நோக்கிப் புறப்படுகிறது. பூமியோ வளைந்து கீழே போகிறது. 100 கிலோமீட்டர் தள்ளி அந்தக் கதிர் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 160 கிலோமீட்டரில் சுமார் மூன்று கிலோமீட்டர். அதற்குக் கீழே நடப்பதெல்லாம் ஊகம்தான். ஆக, எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒருவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கையின் தரம் மாறுகிறது. வட கரோலினாவின் ஷார்லட் போன்ற பெரிய நகரமே ரேடார்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் வருஷக்கணக்காகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

2011 முதல் 2013 வரை ரேடார்களை மேம்படுத்திய பிறகு, பறக்கும் பலகை, தகடு, இலை தழை எல்லாவற்றையும் மழைத்துளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறது. அது தெரிந்துவிட்டால் டொர்னாடோ தரையில் இருப்பது உறுதி. ஆனால் அது தெரிய வேண்டுமென்றால் யாரோ ஒருவருடைய வீடு ஏற்கெனவே வானத்தில் இருக்க வேண்டும்.

இனி மக்கள் கோபத்தின் மையத்தில் இருக்கும் எண்கள். தேசிய வானிலைச் சேவை தனக்குத் தானே மூன்று மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. வந்த டொர்னாடோக்களில் எத்தனைக்கு வார்னிங் இருந்தது, விட்ட வார்னிங்களில் எத்தனை பொய்த்தன, வார்னிங்குக்கும் டொர்னாடோ தரைதொட்டதற்கும் நடுவே எத்தனை நிமிடம் கிடைத்தது. 2011 வரையான சில ஆண்டுகளில், நான்கில் ஏறக்குறைய மூன்று டொர்னாடோக்களுக்கு வார்னிங் இருந்தது. சராசரி அவகாசம் சுமார் 13 நிமிடம். விட்ட வார்னிங்களில் நான்கில் மூன்று பொய்த்தன.

இந்த 13 நிமிடம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வார்னிங்கே இல்லாமல் வந்த டொர்னாடோவையும், தரைதொட்ட பிறகு வார்னிங் வந்த டொர்னாடோவையும் பூஜ்ஜியம் நிமிடம் என்று கணக்கில் சேர்த்துத்தான் அந்தச் சராசரி வருகிறது. அதாவது முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தவர்களுக்குப் பதின்மூன்றைவிட அதிகம் கிடைத்திருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. 13 நிமிடம் கொடுத்தோம் என்று அலுவலகம் சொல்வதும், எனக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை என்று வீடிழந்தவர் சொல்வதும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

2012க்குப் பிறகு எண்கள் இறங்கின. வார்னிங் கிடைத்த டொர்னாடோக்கள் ஐந்தில் மூன்று என்ற அளவுக்கு வந்தன. சராசரி அவகாசம் எட்டு ஒன்பது நிமிடத்துக்குச் சரிந்தது. பொய்த்த வார்னிங்களும் குறைந்தன, பத்தில் ஏழு என்ற அளவுக்கு. ரேடார் மேம்பட்ட அதே காலத்தில் இது நடந்தது என்பதுதான் வேடிக்கை. ஹெரால்ட் புரூக்ஸ், ஜேம்ஸ் கொரையா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் இந்தப் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். வார்னிங் விடும் திறமை குறையவில்லை, எவ்வளவு உறுதி இருந்தால் விடலாம் என்ற வாசற்படிதான் உயர்ந்திருக்கிறது. பொய் எச்சரிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற அழுத்தம் வந்தது, முடிவெடுப்பவர்கள் இன்னொரு ஸ்கேன் பார்த்துவிடுவோம் என்று காத்திருக்கத் தொடங்கினார்கள், அந்தக் காத்திருப்பு நிமிடங்களாகக் கழிந்தது.

என் பார்வையில், இந்த விவகாரம் முழுவதிலும் மக்கள் உண்மையிலேயே கோபப்பட வேண்டிய இடங்களில் இது ஒன்று. வாசற்படியை உயர்த்தியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் ஒரு டொர்னாடோவைத் தவறவிடுவதற்கும் ஒரு பொய் எச்சரிக்கை விடுவதற்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பது அறிவியல் கேள்வி அல்ல, விருப்பக் கேள்வி. அதை அந்தக் காற்றுக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை.

அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது ஜோப்ளினில் போய் நிற்கும். மிசூரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரம், 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. 5.09க்குப் பக்கத்துப் பகுதிக்கு ஒரு வார்னிங் வந்தது. நகரின் ஒரு மூலையும் அதில் சேர்ந்திருந்தது. 5.11க்கு நகரில் சைரன் ஊதியது. 5.17க்கு நகரத்தையே குறிவைத்து இன்னொரு வார்னிங். டொர்னாடோ தரைதொட்டது 5.34க்கு. 5.38க்கு இரண்டாவது முறை சைரன். 158 பேர் இறந்தார்கள். 1947க்குப் பிறகு அமெரிக்காவில் தனியொரு டொர்னாடோவுக்கு அத்தனை பேர் பலியானதில்லை.

எண்களைப் பாருங்கள். 17 நிமிட அவகாசம், தேசிய சராசரியைவிட அதிகம். வானிலைச் சேவையின் ஆய்வுக் குழு பின்னால் போய் ஊர்க்காரர்களிடம் பேசியபோது தெரிந்தது, பெரும்பாலோர் முதல் சைரனுக்கு அசையவில்லை என்பது. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், உறவினருக்கு போன் செய்தார்கள். இரண்டாவது சைரன் வந்தபோது, இல்லையென்றால் இரைச்சல் காதில் விழுந்தபோதுதான் ஓடினார்கள். 'புலி வருது' கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையில் சிறுவன் பொய் சொன்னான், இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பலகோணத்துக்குள் எங்காவது ஓரிடத்தில் டொர்னாடோ இறங்கினால் வார்னிங் பலித்ததாகக் கணக்கு. அதே பலகோணத்துக்குள் இருக்கும் மற்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது இன்னொரு பொய் எச்சரிக்கை. அலுவலகக் கணக்கில் நான்கில் மூன்று பொய்த்தன என்றால், தனி ஆளின் அனுபவத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பொய்த்தவைதான்.

கெவின் சிம்மன்ஸ், டேனியல் சட்டர் என்ற பொருளியலாளர்கள், பொய் எச்சரிக்கை அதிகமான வட்டாரங்களில் டொர்னாடோ வரும்போது சாவும் காயமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதே இருவர் இன்னொன்றும் சொன்னார்கள். அவகாசம் சுமார் 15 நிமிடம் வரை கூடக் கூட இறப்பு குறைகிறது. அதற்கு மேல் கூடினால் குறைவதில்லை. காரணத்தை ஊகிக்கக் கஷ்டமில்லை. அரை மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் அடங்கி உட்கார மாட்டான். பள்ளிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போவான், காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே கிளம்புவான். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ அருகே டொர்னாடோ இறங்கியபோது, ஒக்லஹோமா நகரைச் சுற்றிய நெடுஞ்சாலைகளில் கார்கள் அசைய முடியாமல் வரிசை கட்டி நின்றன. 11 நாள் முன்புதான் பக்கத்தில் மூர் நகரில் 24 பேர் இறந்திருந்தார்கள், அந்தப் பயம். தொலைக்காட்சியிலேயே ஒருவர், தெற்கே ஓட்டிப் போய்விடுங்கள் என்று சொன்னார். அந்த வரிசையின் மேல் டொர்னாடோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்குள்ள வானிலையாளர்கள் இன்றும் பேசுவதுண்டு.

இதுவரை சொன்னது அலுவலகத்துக்குள் நடப்பது. நான் அதிகம் கவலைப்படுவது அதற்கு வெளியே நடப்பதைப் பற்றி.

2025 மே 16, வெள்ளிக்கிழமை, செயின்ட் லூயிஸ். பிற்பகல் 2.34க்கு வானிலைச் சேவை வார்னிங் விட்டுவிட்டது. சில நிமிடங்களில் மணிக்குச் சுமார் 245 கிலோமீட்டர் வேகக் காற்றோடு டொர்னாடோ நகரத்தின் மேற்கிலிருந்து நுழைந்து, ஃபாரஸ்ட் பார்க் வழியாக வடக்குச் செயின்ட் லூயிஸைக் கிழித்துக்கொண்டு போனது. ஐந்து பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 5,000 கட்டடங்கள் சேதமடைந்தன. நகரத்தின் சைரன்கள் ஒன்றுகூட ஊதவில்லை.

செல்போன்களுக்குச் செய்தி போயிருந்தது. வானிலைச் சேவை தன் பங்கைச் செய்துவிட்டது. சைரனை அழுத்த வேண்டியது நகராட்சியின் அவசரகால மேலாண்மைப் பிரிவு. அதன் அலுவலர்கள் அன்று வேறொரு கட்டடத்தில் பயிலரங்கு ஒன்றில் இருந்தார்கள், சைரன் பொத்தானோ அலுவலகத்தில் இருந்தது. பிரிவின் தலைவர் தீயணைப்புத் துறைக்கு போன் செய்தார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவு பின்னால் வெளியானது. சைரன் உங்களிடம் இருக்கிறதா என்கிற மாதிரி ஒரு கேள்வி, ஆமாம் என்று ஒரு பதில், அவ்வளவுதான். பொத்தானை அழுத்துங்கள் என்று தெளிவாக யாரும் சொல்லவில்லை, அழுத்திவிட்டோம் என்று யாரும் உறுதி செய்யவும் இல்லை. இது போதாதென்று, தீயணைப்புத் துறையிடம் இருந்த பொத்தானே வேலை செய்யவில்லை என்பதும் பிறகு தெரியவந்தது. ஒரு மாதம் முன்புதான் பதவிக்கு வந்திருந்த மேயர் காரா ஸ்பென்சர், பிரிவின் தலைவரை விடுப்பில் அனுப்பினார். சைரன் பொறுப்பைத் தீயணைப்புத் துறைக்கு மாற்றி உத்தரவு போட்டார்.

வடக்குச் செயின்ட் லூயிஸ் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும், பல பத்தாண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்ட பகுதி. அங்கிருந்து எழுந்த கோபத்தில் சைரன் ஒரு பகுதிதான். எங்கள் பக்கம் எதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்கிற பழைய ஆத்திரம் மீதி.

வானிலை வல்லுநர்கள் இந்த மாதிரிச் சமயத்தில் ஒரு பதில் வைத்திருப்பார்கள். சைரன் என்பது வெளியே நிற்பவர்களுக்கானது, வீட்டுக்குள் இருப்பவரை எழுப்ப வைத்தது அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அப்புறம் பனிப்போர் காலத்திலும் குண்டுவீச்சுக்காக வைத்த சங்கு, பிறகு டொர்னாடோவுக்கு வந்து சேர்ந்தது. தொழில்நுட்ப ரீதியாக இந்தப் பதில் சரி. ஆனால் தலைமுறை தலைமுறையாக மாதம் ஒருமுறை அதைச் சோதித்து ஊதி ஊதி, இதுதான் உங்கள் எச்சரிக்கை என்று மக்களைப் பழக்கிவிட்டு, ஊதாத அன்று மட்டும் அதை நம்பியிருக்கக் கூடாது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

சைரன் வேறு விதங்களிலும் கைவிடும். 2012 ஏப்ரல் 15 நள்ளிரவு தாண்டி ஒக்லஹோமாவின் வுட்வர்டில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த வார இறுதியில் பெரிய ஆபத்து வருகிறது என்று புயல் முன்கணிப்பு மையம் நாட்கணக்கில் முன்பே வழக்கத்துக்கு மாறான கடுமையான மொழியில் சொல்லியிருந்தது. ஆனால் கடைசி நேரத்தில் சைரன் ஊதவில்லை. அதன் கோபுரத்தில் மின்னல் தாக்கியிருந்தது. 2005 நவம்பர் 6 அதிகாலை, இந்தியானாவின் எவன்ஸ்வில் அருகே ஒரு மொபைல் ஹோம் (ஆலையில் செய்து கொண்டுவந்து வைக்கும், அஸ்திவாரமில்லாத வீடு) குடியிருப்பில் 20 பேர் தூக்கத்திலேயே மாட்டிக்கொண்டு இறந்தார்கள். அங்கே இரண்டு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஓயாமல் போராடியதில், புதிய மொபைல் ஹோம்களில் வானிலை ரேடியோ கட்டாயம் என்று அந்த மாநிலம் 2007இல் சட்டம் போட்டது. இரவில் எச்சரிக்கை வந்ததும் தானாகவே அலறும் சின்னப் பெட்டி அது, விலையும் அதிகமில்லை. இரவு டொர்னாடோ, பகல் டொர்னாடோவைவிட உயிர் வாங்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வீட்டுக்குள் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மொபைல் ஹோம்வாசிகள். ஆணி அடித்துத் தரையோடு கட்டப்படாத வீட்டில் இருப்பவருக்கு எட்டு நிமிட எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே போவது? அது தாமதக் கணக்கில் வராத தாமதம்.

டெக்சஸின் சாரகோசாவில் நடந்தது இன்னொரு மாதிரி. 1987 மே 22, சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர், பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். மழலையர் பட்டமளிப்புக்காகத் தேவாலயக் கூடத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்தார்கள். வானிலை அலுவலகம் சுமார் 20 நிமிடம் முன்பே வார்னிங் விட்டிருந்தது. ஊரில் சைரன் இல்லை. அவர்கள் கேட்கிற வானொலி, பார்க்கிற ஸ்பானிய தொலைக்காட்சி எதிலும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி அது வந்து சேரவில்லை. இறந்த 30 பேரில் 22 பேர் அந்தக் கூடத்துக்குள் இறந்தார்கள். பட்டியலில் இது 'எச்சரிக்கப்பட்ட டொர்னாடோ'. அவகாசமும் சராசரியைவிட அதிகம். 2025 ஏப்ரலில், ஒப்பந்தம் காலாவதியானது என்று வானிலைச் சேவை தன் தானியங்கி மொழிபெயர்ப்புகளைச் சில வாரம் நிறுத்தி வைத்தபோது, சாரகோசாவை நினைவில் வைத்திருந்தவர்கள் அலறியதில் வியப்பில்லை.

அவகாசம் தாராளமாக இருந்தும் காலை அசைக்க முடியாதவர்களும் உண்டு. 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேஃபீல்டில் ஒரு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை இடிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். ஷிஃப்டை விட்டுப் போனால் வேலை போகும் என்று சொன்னார்கள் என்று தப்பித்தவர்கள் சிலர் செய்தியாளர்களிடம் கூறினார்கள்; நிறுவனம் அதை மறுத்தது.

கவனித்துப் பார்த்தால் இங்கே ஒரு கோணல் தெரியும். வானிலை அலுவலகத்தின் ஒவ்வொரு வார்னிங்கும் நிமிடக் கணக்கில் பதிவாகிறது, சரிபார்க்கப்படுகிறது, ஆண்டுதோறும் மதிப்பெண் வெளியாகிறது. அதனால்தான் 2012க்குப் பிறகான சரிவைப் பற்றி இங்கே எழுதவே முடிகிறது. சைரனுக்கு அப்படி ஒன்று இல்லை. எப்போது ஊத வேண்டும் என்பதற்கு நாடு தழுவிய விதி கிடையாது, ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களில் டொர்னாடோவுக்கு மட்டும், சில ஊர்களில் பலத்த காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் சேர்த்து. பொத்தானை அழுத்த வேண்டியவர் எத்தனை நொடியில் அழுத்தினார், எத்தனை கோபுரம் ஊதியது என்று யாரும் தேசிய அளவில் எண்ணுவதில்லை. எச்சரிக்கைச் சங்கிலியில் மதிப்பெண் போடப்படும் கண்ணிதான் திட்டு வாங்குகிறது. மதிப்பெண்ணே இல்லாத கண்ணி, யாராவது செத்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

இப்போது கோபத்துக்குப் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் டிரம்ப் நிர்வாகம் அரசு ஊழியர்களைக் குறைத்தபோது, வானிலைச் சேவையிலிருந்து பணிநீக்கமாகவும் விருப்ப ஓய்வாகவும் 500க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். ஒமாஹா, ரேபிட் சிட்டி போன்ற இடங்களில் ஆள் இல்லாமல் வானிலை பலூன் விடுவதை நிறுத்தினார்கள். இரவில் ஆள் வைக்க முடியாத அலுவலகங்களும் உருவாயின. கென்டக்கியின் ஜாக்சன் அலுவலகம் அவற்றில் ஒன்று. செயின்ட் லூயிஸ் தாக்கப்பட்ட அதே மே 16 அன்று இரவில், ஜாக்சன் அலுவலகத்தின் எல்லைக்குள் இருக்கும் லண்டன், சாமர்செட் நகரங்களின் மேல் ஒரு டொர்னாடோ போனது. கென்டக்கியில் அன்று 19 பேர் இறந்தார்கள்.

ஆள் குறைப்புதான் கொன்றது என்று உடனே குரல் எழுந்தது. நடந்தது அவ்வளவு நேரான கதை இல்லை. அன்று ஆபத்து இருப்பது முன்பே தெரிந்ததால், ஜாக்சன் அலுவலகம் விடுப்பில் இருந்தவர்களையும் கூப்பிட்டு இரவு முழுக்க ஆள் வைத்திருந்தது, வார்னிங்குகளும் போயின. ஆனால் இதை வைத்து, பார்த்தீர்களா, ஆள் குறைந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதும் ஏமாற்று. ஒரு பெரிய நாளுக்குக் கூடுதல் ஆளை இழுத்துப் பிடிக்கலாம். வாட்ச் எதுவும் இல்லாத ஒரு சாதாரண இரவில், எதிர்பாராமல் ஒரு மேகம் சுழலத் தொடங்கினால் யார் பார்ப்பது என்பதே கேள்வி. முன்பே சொன்ன, இரண்டு ஸ்கேனுக்கு நடுவே முளைத்து மறையும் ரகம் அப்படிப்பட்ட இரவுகளிலும் வரும். அவை பலவீனமானவை என்பதால் செய்தியாகாது, ஆளில்லாததன் விலையும் கண்ணுக்குத் தெரியாது.

2025 ஆகஸ்டில் 450 பேர் வரை புதிதாக எடுத்துக்கொள்ள வானிலைச் சேவைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வேலைக்கு எடுத்த மறுநாளே ஒருவரை வார்னிங் மேசையில் உட்கார வைத்துவிட முடியாது. பயிற்சி முடித்து, சீனியர் ஒருவரின் பக்கத்தில் சில புயல் பருவங்கள் உட்கார்ந்து, பச்சையும் சிவப்பும் எப்போது உண்மையாக முறுக்குகின்றன, எப்போது சும்மா மிரட்டுகின்றன என்று கண் பழகிய பிறகுதான் தனியாக விடுவார்கள். அப்படிக் கண் பழகியவர்களில் பலர்தான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவர்கள்.